'தி வார்டன்' நாவலும் அறநிலைய வழக்கும்

அந்தோணி டிராலப் 1855-இல் வெளியிட்ட 'தி வார்டன்' நாவலை, ஆங்கிலக் குருமாரைப் பற்றிய மெல்லிய நகைச்சுவைக் கதையென்றே பலர் படித்து மூடிவிடுகின்றனர். திருச்சபைச் சொத்து யாருக்குரியது என்னும் வழக்கொன்று அதனுள் அடங்கியிருப்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

கதைப்படி, 1434-இல் இறந்த ஜான் ஹைரம் என்னும் கம்பளி வணிகர், உழைக்க இயலாத பன்னிரு முதியோரின் பராமரிப்புக்காகத் தம் நிலங்களை எழுதிவைத்தார். நூற்றாண்டுகள் கடந்தபோது நில வருமானம் பன்மடங்கு பெருகிற்று. முதியோரின் பங்கு அவ்வாறு பெருகவில்லை. காப்பாளரான ஹார்டிங் என்னும் குருவானவருக்கு ஆண்டுக்கு 800 பவுன். முதியவர் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ். ஹார்டிங் தம் கையிலிருந்து மேலும் 2 பென்ஸ் சேர்த்துக் கொடுத்துவந்தார். நல்லவர்தாம், ஆனால் நல்லவரின் ஈகை ஏழையின் உரிமைக்கு ஈடாகுமா?

இது வெறுங்கற்பனையன்று. வின்செஸ்டர் நகரின் புனித சிலுவை அறநிலையத்துக்கு, அங்கு பேராயராயிருந்த பிரௌன்லோ நார்த் தம் மகனையே தலைவராக நியமித்தார். பின்னர் கில்ஃபர்டு பிரபு ஆன அம்மகன் பல்லாண்டுகள் அதன் வருமானத்தை அனுபவித்தது குறித்து 1853-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராச்செஸ்டர் பேராலயப் பள்ளித் தலைமையாசிரியர் ராபர்ட் விஸ்டன், பேராலய அறக்கட்டளைகள் முறைகேடாக நடப்பதை 1849-இல் நூலாக வெளியிட்டுப் பதவி நீக்கப்பட்டார்; பின்னர் மீண்டும் அமர்த்தப்பட்டார். அஞ்சல்துறை அலுவலராயிருந்த டிராலப், சால்ஸ்பரி பேராலயத்தருகே உலாவியபோது இக்கதை தமக்குத் தோன்றியதாகத் தன்வரலாற்றில் கூறுகிறார்.

நாவலின் உயிர்நாடி வழக்கின் முடிவில் உள்ளது. எதிர்தரப்பார் வழக்கைக் கைவிட்டனர். சட்டம் ஹார்டிங்கைத் தீண்டவில்லை. மருமகனான ஆர்ச்டீக்கன் கிரான்ட்லி எவ்வளவோ தடுத்தார். ஆயினும் அவ்வருமானம் நியாயப்படி தமக்குரியதா என்னும் வினாவுக்கு வழக்கறிஞரிடம் விடை கிடைக்காமையால், ஹார்டிங் பதவியைத் துறந்து, ஆண்டுக்கு 75 பவுன் மட்டுமே தரும் சிறு சபையொன்றை ஏற்றார்.

டிராலப்பிடம் நமக்கு ஒரு குறை உண்டு. குருவின் மனச்சாட்சியை இத்துணை நுணுக்கமாக வரைந்தவர், உரிமை கேட்ட முதியோரைப் பேராசைக்காரராகவே பெரிதும் காட்டிவிட்டார். எனினும் அவர்கள் அடைந்த கதியை அவர் மறைக்கவில்லை. ஹார்டிங் சென்றபின் புதிய காப்பாளர் நியமிக்கப்படவில்லை. 2 பென்ஸும் நின்றது. முதியோருள் அறுவர் இறந்தனர், அவ்விடங்கள் நிரப்பப்படவில்லை. 1857-இல் வெளிவந்த 'பார்ச்செஸ்டர் டவர்ஸ்' நாவலில் அறநிலையம் சீரமைக்கப்படுகிறது. பன்னிரு முதிய பெண்களுக்கும் அங்கே இடம் கிடைக்கிறது. காப்பாளரின் ஊதியம் 450 பவுனாகக் குறைகிறது. அப்பதவி பதினான்கு பிள்ளைகளைப் பெற்ற ஓர் ஏழைக் குருவானவருக்குப் போய்ச் சேர்கிறது.