பேச்சுக்கு முதல் வழி

காரைக்குடிச் செக்காலையில் ஒரு வீட்டு முகப்பில் உட்கார்ந்து, அப்பத்தா சிங்கப்பூர்ப் பேரனிடம் இன்டர்நெட் வழியே பேசுகிறார். அதே வைஃபையில் உள்ளே இன்னொரு பேரன் படம் டவுன்லோடு செய்கிறான். இருந்தும் குரல் தெளிவாகவே போய்ச் சேருகிறது. எப்படி?

"சாப்ட்டியாப்பா?" என்று அவர் கேட்டு முடிக்க ஒரு நொடி. அதற்குள் அந்தக் குரல் சுமார் 50 தரவுப் பொட்டலங்களாகக் கிளம்பிவிடுகிறது. ஒவ்வொன்றிலும் 20 மில்லிநொடிப் பேச்சு, மேலே முகவரி.

செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் கொண்டுவிற்கக் கப்பலேறிய அதே வங்கக் கடலின் அடியில், சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002 முதல் ஐ2ஐ கண்ணாடியிழைக் கேபிள் கிடக்கிறது. நீளம் சுமார் 3,200 கி.மீ. ஒளிக்கு அது 16 மில்லிநொடிப் பயணம். எனவே தூரம் தடையில்லை.

பட்டையகலமும், அதாவது ஒரு நொடியில் எவ்வளவு தரவு போகலாம் என்ற கொள்ளளவும், தடையில்லை. பேச்சுக்கு 64 கிலோபிட் தாராளம். 100 மெகாபிட் இணைப்பில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேச்சு கேட்பது நேரத்தை. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டினால், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடத் தொடங்குவார். அது கண்ணிமைக்கும் நேரம்தான்.

அந்த நேரத்தைத் தின்பது ரவுட்டரில் நிற்கும் வரிசை. அதற்காகவே பொட்டலத்தின் தலைப்பில் 6 பிட் இடம் உண்டு. 64 விதமாகக் குறிக்கலாம். குரலுக்கு வழக்கமான எண் 46. அதைக் கண்டதும் முன்னே அனுப்பும்படி ரவுட்டரைப் பழக்கலாம். 4ஜி வலையிலேயே போகும் வோல்டி (VoLTE) போன் அழைப்புக்குத் தனித் தடமே உண்டு.

பொது இணையத்தில் இந்தக் குறியை மதிக்க ஆளில்லை. அங்கே காப்பாற்றுவது அடக்கம். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், 400 கஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கிடையே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லாரும் நெருக்கியதன் விளைவு. ஆய்வாளர் வான் ஜேகப்சன் 1988-இல் தீர்வை வெளியிட்டார்: பொட்டலம் தொலைந்தால் அனுப்புபவர் வேகத்தைக் குறைத்து, மெல்ல ஏற்ற வேண்டும். டவுன்லோடு ஆகும் படம் இன்றும் பெரும்பாலும் இந்த ஒழுங்கில்தான் நடக்கிறது.

2012-இல் அவரும் கேத்லீன் நிக்கல்ஸும் ரவுட்டர் வரிசையைக் கட்டுப்படுத்தும் கோடெல் முறையைத் தந்தார்கள். காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் குறையாமல் நீடித்தால், ரவுட்டர் ஒரு பொட்டலத்தை வேண்டுமென்றே கைவிடும். 'மெதுவாக அனுப்பு' என்று சொல்ல அதற்குத் தெரிந்த மொழி அதுதான்.

சிங்கப்பூர் போனோ, முன்பின்னாக வரும் பொட்டலங்களைச் சற்றே நிறுத்தி அடுக்குகிறது. விடுபட்டதை முந்தைய ஒலியிலிருந்து ஊகித்து நிரப்புகிறது.

ஆகவே குரல் விக்கினால், பெரிய பிளானுக்குப் பணம் கட்டுமுன் ரவுட்டர் செட்டிங்கில் 'கியூஓஎஸ்' (QoS) என்ற முன்னுரிமை வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேச்சுக்கு முன்னுரிமை கொடுங்கள்.