கூடைக்கா பிள்ளை, ஏட்டுக்கா?



சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்குக் கார்கள் ஏறுகின்றன. ஏற்காட்டு ஏரியைக் காண வருவோர் மட்டுமா அதிலே வருகிறார்கள்? செல்வர் வீட்டுச் செல்லப் பிள்ளைகளும் வருகிறார்கள், படிக்க! 1917-இல் தொடங்கப்பட்ட மான்ட்ஃபோர்ட் பள்ளி அங்கே இருக்கிறது. எங்கெங்கோ உள்ள பெற்றோர், பணத்தைக் கட்டி, பெட்டி படுக்கையைக் கட்டி, கண்ணீரையும் அடக்கிக்கொண்டு, பெற்ற பிள்ளையை இந்த மலையிலே விட்டுச் செல்கிறார்கள். ஏன்? படிப்பின் விலை அவர்களுக்குத் தெரியும்!

அதே மலையிலே இருக்கிறது கொட்டச்சேடு. காப்பியும் மிளகும் விளையும் மண். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாய் உழைத்த மண். மலையாளி என்றால் மலையை ஆள்பவன் என்று பொருள் சொல்வார்கள். ஆள்பவன் பிள்ளை, கூடை சுமக்கவா பிறந்தான்?

கார்த்திகை வந்தால் காப்பிப் பழம் சிவக்கும். பழம் சிவந்தால், எடைக்குக் கூலி வாங்கும் வீட்டிலே ஒரு சபலமும் பிறக்கும். "பையனையும் கூட்டிப்போனால் இன்னும் ரெண்டு கிலோ சேருமே! நாலு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் குடியா முழுகிவிடும்?"

முழுகும், தோழா! கணக்குப் போட்டுப் பார். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள் பள்ளி நடக்கவேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அறுவடைக்கு 30 நாள், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் 10 நாள், ஆக 40 நாள் பிள்ளை நின்றால், ஐந்தாண்டில் 200 நாள். முழுதாக ஒரு வருடப் படிப்பு போயிற்று! பதிவேட்டிலே பெயர் இருக்கும். பையன் தலையிலே பாடம் இருக்காது. பிறகு, "படிப்பு ஏறவில்லை" என்று பழியை யார்மீது போடுகிறோம்? அந்தப் பிஞ்சின்மீது!

1953-ஐ நினைத்துப் பாருங்கள். அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்று ஆச்சாரியார் திட்டம் தீட்டினார். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு நாடே கொதித்தது. பெரியார் எதிர்த்தார், அண்ணா எதிர்த்தார். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அன்று அரசால் செய்யமுடியாததை, இன்று நாமே, நம் கையாலேயே, நம் பிள்ளைக்குச் செய்யலாமா? கூலியின் மகனைக் கூலியாக்கும் திட்டத்துக்கு நம் வீட்டிலா திறப்பு விழா?

பசி தடையாக இருந்தது, உண்மை. அதை உடைக்க 1920-இலேயே நீதிக்கட்சி ஆட்சியில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே சோறு போட்டது. காமராசர் 1956-இல் மதிய உணவை நாடெங்கும் கொண்டுசென்றார். 1982-இல் சத்துணவு வந்தது. 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே காலை உணவும் தொடங்கியது. புத்தகம் இலவசம், சீருடை இலவசம். இத்தனையும் பள்ளி வாசல்வரை வந்து நிற்கிறது. வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல்வரை உள்ள தூரம் மட்டும் நம்முடையது!

அது கடமை என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 2002-இல் செய்த திருத்தம், 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்று எழுதிவைத்தது. 2016-இல் வந்த திருத்தமோ, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது; குடும்பத்துக்கு உதவுவதென்றாலும் பள்ளி நேரம் போகத்தான்.

"சின்னப் பிள்ளையை யார் பார்ப்பது?" என்று மூத்த பெண்ணை நிறுத்துகிறோம். அங்கன்வாடி எதற்கு? தம்பிக்குத் தாயாக அவளை ஆக்கிவிட்டால், அவள் படிப்புக்குத் தாய் யார்?

"வாத்தியார் சரியாக வருவதில்லையே!" என்பாய். கேள்! பள்ளி மேலாண்மைக் குழுவிலே முக்கால்வாசிப் பேர் பெற்றோராகத்தான் இருக்கவேண்டும். பாதிப் பேர் பெண்கள். அந்த இடத்திலே உட்கார்ந்து கேள். ஆனால், பிள்ளையை நாற்பது நாள் நிறுத்தியவன், ஆசிரியரை எந்த வாயால் கேட்பான்?

கழகத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கொடி ஏற்றுகிறோம், கூட்டம் போடுகிறோம், கல்வி வளர்த்த கதையைத் தொண்டை வறளப் பேசுகிறோம். மறுநாள் காலை, நம் தெருவிலே எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று எட்டிப் பார்த்தோமா? நம் வீட்டுப் பிள்ளையையே பள்ளி நாளில் ஊர்வலத்துக்கு அழைத்துப்போனதில்லையா?

அடுத்த கார்த்திகையிலும் பழம் சிவக்கும். கூடை காத்திருக்கட்டும், தோழா. இரண்டு கிலோ குறைந்தால் ஒரு நாள் கூலிதான் குறையும். பிள்ளையின் படிப்பு குறைந்தால், அவன் பிள்ளைக்கும் கூடைதான்!