கொழுந்தும் ஊசியும்

பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் நின்றால், பேச்சில் பாதி உடம்பு நோவைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஒருத்திக்குப் பிடரி இழுக்கிறது. ஒருத்திக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இன்னொருத்திக்கு ராத்திரியில் விரல்கள் மரத்துப்போகின்றன. நாளுக்கு 18 கிலோ, சில தோட்டங்களில் அதற்கும் மேல் பறித்தால்தான் முழுப்பேரு, அதாவது முழுநாள் சம்பளம். அந்தப் பச்சைக் கொழுந்து முழுவதும் அவர்களுடைய முதுகின் வழியாகத்தான் ஆலைக்குப் போகிறது.

இந்த நோவு எங்கே பிறக்கிறது என்பது தெரியாத மர்மம் அல்ல. கூடைக் கயிறு தலையில் கிடக்கும்போது பாரம் தலையைப் பின்னுக்கு இழுக்கும்; அதைத் தாங்கப் பிடரித் தசைகள் நாள் முழுக்க இறுகியே நிற்கும். சரிவில் கால் வழுக்காதபடி இடுப்பும் முழங்காலும் ஓயாமல் உழைக்கும். இறுகிய தசைக்குள் இரத்தம் சரளமாக ஓடாது; கழிவுகள் தேங்கும்; அவை வலி நரம்புகளின் முனைகளைச் சீண்டும். மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் தைலம், வெந்நீர் ஒத்தடம், ஒரு பனடோல், கூடவே சூடாக ஒரு சாயத்தண்ணி. மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் கைவைத்தியம் இது.

சீனாவில் இதே நோவுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக முடியைப் போன்ற மெல்லிய ஊசியைக் குத்துகிறார்கள். இடுப்பு நோவுக்கு முழங்காலுக்குக் கீழே குத்துவதும் உண்டு. காலில் குத்திய ஊசி இடுப்பில் எப்படி வேலை செய்யும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போன அறிவியலாளர்கள் நம் உடம்பைப் பற்றி யாரும் எதிர்பார்க்காத சில உண்மைகளைக் கண்டுகொண்டார்கள். அவற்றில் ஒன்று தேயிலைக் கொழுந்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது.

தேயிலையும் ஊசியும் ஐரோப்பாவுக்கு அறிமுகமான கதையிலேயே இரண்டுக்கும் பொதுவான ஒருவரின் பெயர் இருக்கிறது. வில்லெம் டென் ரைன் என்ற டச்சு மருத்துவர் 1674 முதல் 1676 வரை ஜப்பானின் தெஷிமா தீவில் இருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் வர்த்தக நிலையத்தில் வேலை பார்த்தார். தேயிலைச் செடியைப் பற்றி அங்கிருந்து அவர் எழுதிய குறிப்புகள் 1678இல் வெளிவந்த ஒரு தாவரவியல் நூலில் சேர்க்கப்பட்டன. ஊசி மருத்துவத்தைப் பற்றி அவர் எழுதிய இலத்தீன் நூல் 1683இல் இலண்டனில் அச்சானது. அக்குபங்சர் என்ற பெயரை ஐரோப்பாவில் பரப்பிய நூல் அதுதான். கொழுந்தையும் ஊசியையும் ஒரே மருத்துவரின் கண் அருகருகே பார்த்திருக்கிறது.

தெற்காசியாவுக்கு இந்த ஊசி மிகவும் தாமதமாகவே வந்தது. 1938இல் போரில் சிக்கியிருந்த சீனாவுக்கு இந்தியா ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான டொக்டர் கொட்னிஸ் அங்கேயே உயிர்விட்டார். அதே குழுவில் சென்ற கல்கத்தா மருத்துவர் பிஜோய் குமார் பாசு 1950களின் இறுதியில் மறுபடியும் சீனா சென்று, ஊசி மருத்துவம் கற்று, அதை இந்தியாவில் தொடக்கிவைத்தார். இலங்கையில் அந்தப் பணியைச் செய்தவர் வாதநோய் நிபுணரான டொக்டர் அன்டன் ஜயசூரிய. கொழும்புக்குத் தெற்கே களுபோவில அரசாங்க வைத்தியசாலையில் அவர் நடத்திய அக்குபங்சர் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெறப் பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். அவர் 2005இல் காலமானார். உடம்பில் குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டு நோய் தீர்க்கும் எண்ணம் இந்த மண்ணுக்கு முன்பே பழக்கமானதுதான். தமிழருக்கு வர்மம் இருந்தது. சிங்கள வைத்தியத்தில் குத்துவதும் சுடுவதும் இருந்தன. யானைப் பாகர்கள் யானையின் உடம்பில் எந்த இடத்தை அழுத்தினால் அது நிற்கும், எந்த இடத்தை அழுத்தினால் மடங்கும் என்று அறிந்து வைத்திருந்தார்கள்.

சரி, ஊசி உள்ளே போனதும் என்ன நடக்கிறது?

கொழுந்து மடுவத்தில் கூடையில் வந்த பாரம் அப்படியே செக்ரோல் பதிவேட்டில் ஏறுவதில்லை. கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எழுதுவார். முள்ளந்தண்டு வடத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. முதுகிலிருந்து வரும் வலிச் செய்தி நேராக மூளைக்குப் போய்விடாது. முள்ளந்தண்டு வடத்தில் அது ஒருமுறை நிறுக்கப்படும். சிலவேளை பெரும்பகுதி கழிக்கப்படும். ரொனால்ட் மெல்சாக், பட்ரிக் வோல் என்ற இரு விஞ்ஞானிகள் 1965இல் இதை விளக்கினார்கள். தொடுகையையும் அழுத்தத்தையும் கொண்டுவரும் தடித்த நரம்புகள் வேலை செய்யும்போது, வலியைக் கொண்டுவரும் மெல்லிய நரம்புகளின் செய்தி அமுங்கிப்போகும் என்பது அவர்களுடைய கருத்து. அடிபட்ட இடத்தை நாம் யோசிக்காமலே தேய்த்துவிடுவது இதனால்தான். தைலம் பூசிய இடம் குளிர்ந்து எரியும்போது நோவு குறைவதிலும் இதைப் போன்ற ஒரு கணக்கு இருக்கிறது.

இந்தக் கழிப்பு முள்ளந்தண்டு வடத்தோடு நின்றுவிடுவதில்லை. மூளையும் கீழ்நோக்கி உத்தரவு அனுப்பி வலியைத் தணிக்கும். பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற உடலியல் பேராசிரியர் 1970களின் தொடக்கத்தில் முயல்களை வைத்து இதைச் சோதித்தார். ஊசிச் சிகிச்சை பெற்ற முயலின் மூளையைச் சூழ்ந்த திரவத்தில் கொஞ்சம் எடுத்து, ஊசியே குத்தாத இன்னொரு முயலுக்குச் செலுத்தினார். அந்த இரண்டாவது முயலும் வலியை முன்னைவிட எளிதாகத் தாங்கியது. அப்படியானால் வலியைத் தணிக்கும் ஏதோ ஒரு பொருள் அந்தத் திரவத்தில் கலந்திருக்க வேண்டும். 1975இல் அபர்தீனில் ஜோன் ஹியூஸும் ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸும் மூளை தானாகவே தயாரிக்கும் அபின் போன்ற பொருட்களை அடையாளம் கண்டபோது விடை கைக்கு எட்டியது. அபினின் வேலையை முறிக்கும் நலொக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் ஊசியால் வந்த வலித்தணிவு மறைவதை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் எலிகளிலும் மனிதர்களிலும் காட்டினார்கள். ஊசி சுரக்கவைக்கும் உடம்பின் சொந்த மருந்துதான் அதற்குப் பலம் தருகிறது.

ஊசி குத்திய இடத்திலும் தனியாக ஒரு வேலை நடக்கிறது. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெதர்கார்டின் குழு 2010இல் எலிகளின் முழங்காலுக்குக் கீழே ஊசி குத்தி மெல்லத் திருகிப் பார்த்தது. அவ்விடத்துத் திசுவில் அடினோசின் என்ற பொருள் சுமார் 24 மடங்கு கூடியது. அது அருகிலிருந்த நரம்பு முனைகளின் ஏற்பிகளில் போய்ப் பொருந்தி அவற்றை அமைதிப்படுத்தியது. அந்த ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகளில் ஊசி எந்தப் பயனும் தரவில்லை.

கொழுந்து இங்கேதான் கதைக்குள் வருகிறது. நாள் முழுக்க வேலை செய்யும் மூளையில் அடினோசின் சேரச்சேர நமக்குத் தூக்கம் வரும். தேயிலையிலுள்ள கெஃபீன் அடினோசின் அமரவேண்டிய ஏற்பியில் முந்திப் போய் அமர்ந்துகொள்வதால்தான் சாயத்தண்ணி குடித்ததும் சோர்வு விலகுகிறது. பூச்சிகள் தின்னாதிருக்கத் தேயிலைச் செடி தயாரிக்கும் பொருள் அது. முற்றிய இலையைவிட, பெண்கள் கிள்ளியெடுக்கும் இரண்டிலை மொட்டில்தான் அது அதிகம். இப்படிப் பார்த்தால் கெஃபீன் ஊசியின் வேலையையும் தடுக்க வேண்டும் அல்லவா? 2017இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, கெஃபீன் கொடுத்த எலிகளில் ஊசியின் வலித்தணிவு குன்றியதாகவும் கெஃபீனை நிறுத்தியதும் திரும்பியதாகவும் கண்டது. எலிகளில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. இதற்காக யாரும் தேத்தண்ணியைக் கைவிட வேண்டியதும் இல்லை. டென் ரைன் அருகருகே பார்த்த இரண்டும் உடம்புக்குள் ஒரே மூலக்கூற்றின் வாசலில் சந்திக்கின்றன என்பது எத்தனை பெரிய வியப்பு!

இனி, ஊசி குத்தும் இடம் எவ்வளவு முக்கியம் என்ற கேள்வி. 1971இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அறுவை நடந்தது உடலை மரத்துப்போகச் செய்யும் வழக்கமான மருந்தில்தான். அதற்குப் பிறகு வயிற்றில் வந்த வேதனைக்குத்தான் முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் ஊசி குத்தினார்கள். முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே வெளிப்பக்கமாக உள்ள அந்த இடத்தைச் சீன வைத்தியர்கள் மிகவும் மதிக்கிறார்கள். 2021இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மா சியூஃபு குழு, எலியின் பின்னங்காலில் அதே இடத்தின் ஆழமான திசுவில் ஒரு குறிப்பிட்ட வகை நரம்புகள் இருப்பதையும், அங்கே மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால் அட்ரினல் சுரப்பி வரை செய்தி போய் அழற்சி குறைவதையும் காட்டியது. வயிற்றில் தூண்டியபோது அது நடக்கவில்லை. எனவே இடத்துக்கும் பொருள் இருக்கிறது. பழைய நூல்கள் சொல்லும் சக்தி நாளங்களை உடலைத் திறந்து பார்த்த எவரும் கண்டதில்லை. ஆனால் சில புள்ளிகளின் கீழே உண்மையான நரம்புகள் உண்மையான வேலை செய்கின்றன.

மனித நோயாளிகள் தந்த விடை இன்னும் ஆழமானது. ஜேர்மனியில் நாட்பட்ட இடுப்பு நோவுள்ள 1,162 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்த முடிவு 2007இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு முறைப்படியான அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மருந்து, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்து நல்ல பலன் கண்டவர்கள் முதல் பிரிவில் 47.6 சதவீதம், போலி ஊசியில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்.

முதல் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏறத்தாழ 20,000 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2018இல் வெளிவந்த ஆய்வு, போலியைவிட மெய்யான ஊசி கொஞ்சம் கூடுதலாகப் பலன் தருவதையும், அந்தப் பலனில் பெரும்பகுதி ஓராண்டு நிலைப்பதையும் கண்டது. அந்தக் கொஞ்சத்தைத் தவிர்த்துப் பார்த்தால் பலனின் பெரும்பகுதி வேறெங்கிருந்தோ வருகிறது. அமைதியாகச் சாய்ந்திருக்கக் கிடைத்த அரைமணி நேரம். எங்கே நோகிறது, எப்போதிலிருந்து என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டது. அவர் கை பட்டது. குணமாகும் என்ற எதிர்பார்ப்பு. இதையெல்லாம் மனப்பிராந்தி என்று தள்ளிவிட முடியாது. பல் பிடுங்கிய நோயாளிகளுக்குப் போலி மருந்தைக் கொடுத்துக் கிடைத்த வலித்தணிவையும் நலொக்சோன் முறிக்கிறது என்று 1978இலேயே கலிபோர்னியாவில் கண்டார்கள். நம்பிக்கையும் கவனிப்பும் உடம்பின் அதே மருந்தைத்தான் சுரக்கவைக்கின்றன.

இந்த முடிவை மலையகத்தில் இருந்து வாசிக்கும்போது மனம் கனக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் அன்றைய பேரு போகும் என்று நோவை மறைத்துக்கொண்டு மலையேறும் பெண்ணுக்கு, அரைமணி நேர ஓய்வும் பொறுமையான கேள்வியும் எங்கே கிடைக்கும்? டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் உள்ள வைத்தியசாலைகளில் பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் வலிச் சிகிச்சைப் பிரிவு ஒன்று வாரத்தில் சில நாட்களாவது இயங்கினால், அங்கே உடற்பயிற்சிச் சிகிச்சையோடு ஊசியும் இருந்தால், நாட்பட்ட இடுப்பு நோவுக்கு அது பெரிய துணையாகும். ஊசிக்கு அதிகச் செலவில்லை. ஆனால் ஒருமுறை பயன்படுத்தி எறியும் கிருமி நீக்கிய ஊசியாகவே இருக்க வேண்டும். பயிற்சியில்லாத கை நெஞ்சுப் பகுதியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழக்கூடும். கால் மரத்துப் பலமிழந்தால், சிறுநீர் கட்டுப்பாடு தவறினால், காய்ச்சலோடோ உடல் மெலிவோடோ முதுகு நோவு வந்தால், நோவு நெஞ்சுக்குப் பரவினால் ஊசியைத் தேடி ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பு தன் வலியைத் தானே தணித்துக்கொள்ளும் ஆற்றலுள்ளது என்பது, அதன் மேல் எவ்வளவு பாரத்தையும் ஏற்றலாம் என்பதற்கு அனுமதியாகிவிடாது. மாலையில் ஊசியால் தணிந்த பிடரி மறுநாள் காலையில் மீண்டும் அதே கயிற்றின் கீழே போனால், சிகிச்சை தோற்றுக்கொண்டே இருக்கும். கூடைப் பாரத்தைத் தலையிலிருந்து இரு தோள்களுக்கும் இடுப்புக்கும் பகிர்ந்து தரும் பை, மலைக்கு அருகிலேயே நிறுவை, வேலைக்கு நடுவே நிமிர்ந்து நிற்கக் கொஞ்ச நேரம், டிஸ்பென்சரிக்குப் போன நாளுக்கும் பேரு: இவை நான்கும் ஊசியோடு சேர்ந்தால்தான் வைத்தியம் முழுமையாகும். இவற்றுக்குச் சீனப் பயிற்சி எதுவும் வேண்டாம். ஒரு தோட்டத்து நிர்வாகம் இந்த மாதமே தொடங்கிவிடலாம்.