புகைக்கு ஒரு பொட்டலம்

காஸ் அடுப்பு விரட்டிய புகையை கம்பிவலைக்குள் பிடித்து வைக்கிறார்கள் சுட்ட கறிப் பிரியர்கள்

விறகுப் புகையிடமிருந்து தப்பிக்க இந்தியப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஏழை வீடுகளுக்கு காஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டத்தை மத்திய அரசு 2016 மே மாதம் தொடங்கியதும் இதற்காகத்தான். ஆனால் நாக்கு கேட்டால்தானே? காஸ் கிரில்லில் சுட்ட கோழியில் ஏதோ ஒன்று குறைகிறது. குறைவது புகை.

வட இந்தியச் சமையல்காரர்கள் இதற்கு என்றோ வழி கண்டார்கள். கனலும் கரித்துண்டைக் கிண்ணத்தில் வைத்து, நெய் ஊற்றி, பாத்திரத்தை மூடிவிடுவார்கள். பெயர் துங்கார். வீட்டுக்கு வீடு காஸ் கிரில் உள்ள அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்வது, மரச்சீவல் அடைத்த கம்பிவலைப் பை. கடையில் வாங்க வேண்டியதில்லை, வீட்டிலேயே செய்யலாம்.

ரவை சல்லடை போல நெருக்கமான எவர்சில்வர் வலை, ஓர் அடிச் சதுரம் போதும். இரண்டாக மடித்து, இரு ஓரங்களை கொறடால் இரட்டையாக மடக்குங்கள். கம்பி முனை குத்தும், கையுறை அவசியம். திறந்த பக்கம் வழியாக இரண்டு பிடி சீவலைப் போட்டு, வாயை மடித்துவிட்டால் பை தயார்.

சூட்சுமம் காற்றில் இருக்கிறது. தாராளமாகக் காற்று பட்டால் மரம் தீப்பிடித்துச் சாம்பலாகும். நெருக்கமான வலை காற்றைக் குறைப்பதால் சீவல் கனன்று புகைகிறது. மரத்திலுள்ள லிக்னின் சிதைந்துதான் அந்த மணம் வருகிறது. ஊறவைக்கத் தேவையில்லை. தண்ணீர் ஆவியாகும்வரை புகை வராது, அவ்வளவுதான். பையை ஒரு பக்கத் தீயின் மேல் வைத்து, கறியை மறுபக்கம் வைத்து மூடுங்கள். முதலில் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை கசக்கும். அது மெலிந்த பிறகு கறியை வைப்பது நல்லது.

எந்த மரம்? மா, கொய்யா நல்லவை. டெக்சாஸ்காரர்கள் கொண்டாடும் மெஸ்கிட், நம் ஊர் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். பிசின் வழியும் பைன், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் கூடாது. அரளி விஷம். அதைத் தொடவே வேண்டாம்.

ஆபத்து வலையிலும் உண்டு. ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக்கூண்டு வலையில் துத்தநாகப் பூச்சு இருக்கும். கடும் சூட்டில் கிளம்பும் அதன் ஆவியைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரலாம். வெல்டிங் தொழிலாளர்களுக்கு இது பழகிய தொல்லை. கடைக்காரரிடம் 304 எவர்சில்வர் என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடி போட்டு மூடிய பால்கனியில் கிரில் கூடவே கூடாது. உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

புகையை வீட்டைவிட்டு விரட்டியது புத்திசாலித்தனம். எப்போதாவது விருந்தாளியாக அழைக்கலாம். உபசாரம் வாசலுக்கு வெளியிலேயே இருக்கட்டும்.