வெளிமானுக்கு வெளி வேண்டும்

மானைக் காப்பதென்றால் வேட்டையைத் தடுப்பதே என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் சேர்த்திருப்பதால், அதைக் கொல்வது கடுங்குற்றம். ஆயினும் துப்பாக்கி ஓய்ந்த பிறகும் மான் குறையக்கூடும். இதற்கு நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையே சான்று.

1967-இல் சரணாலயமாக்கப்பட்ட இவ்விடத்தில் வெளிமானே முக்கிய விலங்கு. ஆண்மானின் கொம்பு முறுக்கிய கயிறு போன்றது. புள்ளிமானின் கொம்பைப் போல அது ஆண்டுதோறும் உதிர்வதில்லை. புல்வாய் என்றும் வெளிமான் என்றும் நம் முன்னோர் இட்ட பெயர்களே அதன் வாழ்க்கையைச் சொல்லிவிடுகின்றன. புல்லே அதன் உணவு. பகைவனைத் தொலைவிலேயே கண்டு ஓடித் தப்புவது அதன் வழக்கம். ஆகவே பார்வையை மறைக்கும் புதர் மண்டிய இடத்தை அது தவிர்க்கிறது. ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். பிறந்த சில நாள் அக்குட்டி புல்லிடையே அசையாது படுத்திருக்கும். ஊர்நாய்களுக்கு அது எளிய இரையாவது அப்போதுதான்.

இத்தகைய விலங்கிற்குச் சீமைக்கருவேல் எவ்வளவு கொடிய பகையென்பது நமது அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தரிசிலும் ஏரிக்கரையிலும் அதனோடு போராடாத விவசாயி உண்டோ? அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அம்மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டிற்கு வந்தது. உவர் நிலத்திலும் தழைக்கும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேடிக்கை என்னவெனில், அதன் இனிய காயை மானே விரும்பித் தின்கிறது. கொட்டை செரியாமல் சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. குஜராத்தின் வேளாவதார் புல்வெளியில் இதனை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். தன் மேய்ச்சல் நிலத்தை அழிக்கும் விதையை மானே விதைத்துக்கொள்கிறது! மாடும் அவ்வாறே. சரணாலயத்தின் ஓரத்தில் மேய்ந்து திரும்பும் கால்நடை, ஊரின் விதையை உள்ளே கொண்டுசெல்வதும் உண்டு.

இரண்டாவது பங்காளி குதிரை. மக்கள் வளர்த்துக் கைவிட்ட மட்டக்குதிரைகள் கோடியக்கரையில் பெருகிக் காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. குதிரைக்கு இரு தாடையிலும் உண்டு. எனவே அது புல்லை அடியோடு ஒட்டக் கறித்துவிடும். அசைபோடாத விலங்காதலால் உடம்பின் அளவுக்கு மிகுதியாகத் தின்னவும் வேண்டியிருக்கிறது. கோடையில் புல்லும் நன்னீரும் சுருங்கும்போது இழப்பு மானுக்கே. குதிரைகளைப் பிடித்து அகற்றலாம் என்போர் ஒருபுறம், அவையும் காண்பதற்கு அழகல்லவா என்போர் மறுபுறம். மானின் பொருட்டு அமைந்த இடத்தில் மானின் பங்கே முதலில் அளக்கப்பட வேண்டுமென்பது எமது கருத்து.

2018 நவம்பர் 16-ஆம் நாள் இக்கடற்கரையைத் தாக்கிய கஜா புயலில் விலங்குகள் பல மாண்டன. சிறிய இடத்தில் ஒரே கூட்டமாக வாழும் இனத்திற்கு ஒரு புயலே பேரிழப்பாகும். ஆண்டுக் கணக்கெடுப்பில் மொத்தத் தொகையை மட்டும் நோக்காமல், பெண்மான் எத்தனை, குட்டி எத்தனை என்று பிரித்து எண்ணுவதன் பயன் இங்கே புலப்படும். குட்டிகள் குறைந்தால், அடுத்த சில ஆண்டுகளின் இறக்கத்தை முன்னரே அறிந்துகொள்ளலாம்.

மரம் நடுவதே நற்பணி என்று பழகிய நமக்கு, மரத்தைப் பிடுங்குவதும் காவலே என்பது விந்தையாகத் தோன்றலாம். பாலை முதலிய நாட்டு மரங்கள் நிறைந்த பசுங்காடும் கோடியக்கரையில் இருக்கிறது. அது அவ்வாறே நிற்கட்டும். புல்வெளியில் மட்டும் சீமைக்கருவேலை வேரோடு அகழ வேண்டும். அதோடு வேலை முடியாது. மழைக்குப் பின் சாணத்திலிருந்து கிளம்பும் நாற்றுகளை, காய்க்கும் பருவம் எய்துமுன், ஆண்டுதோறும் கையால் பறித்தாக வேண்டும். நெல்வயலில் களை எடுப்பதைப் போன்ற வேலைதான். கூலியும் அதற்கேற்றபடி ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டும்.