அப்பா ஊட்டும் தாய்ப்பால்

பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். நள்ளிரவு தாண்டி அது சிணுங்கினால், வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் எழுந்து உட்காருகிறவர் ஒருவர்தான். பத்தியச் சமையலுக்கு அம்மா இருக்கிறார், துணி அலச கணவர் இருக்கிறார், பால் கொடுக்க மட்டும் மாற்று ஆள் கிடையாது என்று பல வீடுகளில் முடிவுகட்டி விடுகிறார்கள். தாய்ப்பாலை முன்கூட்டியே எடுத்து வைத்தால் ஒரு வேளையை அப்பா ஏற்றுக்கொள்ளலாம். தாய்க்கு நாலைந்து மணி நேரம் இடைவிடாத தூக்கம் கிடைக்கும். பிள்ளை பெற்ற உடம்புக்கு அந்தத் தூக்கம் மருந்துக்குச் சமம்.

எந்த வேளையை அப்பாவிடம் விடுவது? இதற்கு மார்பு பால் சுரக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலைச் சுரக்க வைக்கிறது. ஆக்ஸிடோசின், சுரப்பிகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளைச் சுருக்கி அதை வெளியே தள்ளுகிறது. பால் நன்றாக ஊறத் தொடங்கிய பிறகு, எவ்வளவு வெளியேறுகிறதோ அதைப் பொறுத்தே புதிதாகச் சுரக்கும் அளவு அமைகிறது. மார்பு நிறைந்தே கிடந்தால் சுரப்பு மந்தமாகும், காலியானால் வேகம் பிடிக்கும். இறைக்கிற கிணறுதான் ஊறும். ஆகவே அப்பா ஒரு வேளை கொடுக்கிறார் என்றால், அந்த அளவுப் பாலைத் தாய் எப்போதாவது எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் நாள்தோறும் ஒரு வேளையைத் தவறவிட்டால் முதலில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், பிறகு சுரப்பே குறையும்.

புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அதனால் இரண்டு மணி வேளையைக் கணவரிடம் ஒப்படைப்பதை விட, பத்து மணி வேளையை ஒப்படைப்பதே மேல் என்பது என் கருத்து. தாய் ஒன்பதுக்கே படுத்துவிடலாம். பத்துக்கு அப்பா ஊட்டுகிறார். ஒன்று, ஒன்றரைக்குக் குழந்தை விழிக்கும்போது மார்பும் நிறைந்திருக்கும், தாயும் ஒரு தூக்கம் போட்டிருப்பார். மறுநாளைக்கான பாலை, காலையில் குழந்தை குடித்து முடித்து அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். பலருக்குக் காலையில்தான் பால் தாராளமாக வரும். ஆனால் முதல் மூன்று, நான்கு வாரங்களுக்கு இதைத் தொடங்காமல் இருப்பது நல்லது. குழந்தை மார்பைச் சரியாகப் பற்றிக் குடிக்கப் பழகுவதும், சுரப்பு நிலைபெறுவதும் அந்த நாட்களில்தான்.

பால் எடுக்கக் கையே போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் காம்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்துப் பிழிய வேண்டும். காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் வலிதான் மிஞ்சும். மின் பம்பு வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். ஸ்வீடன் பொறியாளர் ஐனார் எக்னல், எவ்வளவு உறிஞ்சுவிசை காம்பைக் காயப்படுத்தாது என்று அளந்து பார்த்து 1956-ல் செய்த பம்புக்கு, தனக்கு உதவிய செவிலியரின் பெயரால் ‘சிஸ்டர் மாயா’ என்று பெயர் வைத்தார்.

கையோ பம்போ, வந்த பாலின் அளவைப் பார்த்து ‘எனக்குப் பாலே இல்லை’ என்று கலங்கிவிடக் கூடாது. பம்பை விடக் குழந்தையின் வாய் திறமையானது. தவிர, வலியும் கவலையும் ஆக்ஸிடோசினைத் தடுக்கும். தாயை மேசையில் சாய்ந்து உட்காரச் சொல்லி, முதுகுத்தண்டின் இரு பக்கமும் கட்டைவிரலால் மேலிருந்து கீழாகத் தேய்த்துவிட்டால் பால் இறங்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேய்த்துவிடக் கணவரை விட நல்ல ஆள் யார்?

எடுத்த பால் கெட்டுவிடாதா என்பதுதான் வீட்டுப் பெரியவர்களின் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. 1996-ல் மார்கிட் ஹமோஷ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: 15 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம், 25 டிகிரியில் 4 மணி நேரம் தாய்ப்பால் தாங்கும், 38 டிகிரியில் வைக்கவே கூடாது. கிருமிக்கு வேண்டிய இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின், கிருமியின் சுவரை உடைக்கும் லைசோசைம், நோய் எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் அதில் இருப்பதால்தான் வெளியே இவ்வளவு நேரமாவது தாங்குகிறது. ஆனால் ‘அறை வெப்பத்தில் 4 மணி நேரம்’ என்று பம்புப் பெட்டியில் அச்சிட்டிருப்பது 25 டிகிரி அறைக்கு. மே மாதத்துச் சென்னையில், வேலூரில், ஏ.சி. இல்லாத வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது. எடுத்த கையோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல், குளிர் மாறாத உள்பக்கம் வைத்தால் 4 நாள் வரை இருக்கும். தனிக் கதவுள்ள, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் 6 மாதம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி அவ்வளவு குளிராது, 2 வாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களில் நாள்கணக்கில் சேர்த்து வைக்காமல் அன்றன்றைக்கு எடுப்பதே பத்திரம். கொதிக்க வைத்த, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் 60 மில்லி, 90 மில்லியாகப் பிரித்து, தேதியும் நேரமும் எழுதி வைத்தால் வீணாகாது. உறைந்த பாலை உருக்கிய பிறகு ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைக்கலாம், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கும் உடல்நிலை சரியில்லாத குழந்தைக்கும் இந்தக் கணக்குகள் பொருந்தாது, மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வைத்த பாலில் மேலே ஆடைபோல் மிதப்பது கொழுப்பு. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். சில தாய்மாரின் பாலில் சோப்பு வாடை வரும். லைபேஸ் நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது அது, பால் கெட்டதற்கு அடையாளமல்ல. அடுப்பில் காய்ச்ச வேண்டாம், மைக்ரோவேவ் கூடவே கூடாது: ஓரிடம் ஆறியிருக்க இன்னோரிடம் நாக்கைச் சுடும், எதிர்ப்புப் புரதங்களும் அழியும். வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டியைச் சற்று நேரம் வைத்தாலே போதும்.

ஊட்ட நம்மிடம் மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடை இருக்கிறது. ஃபீடிங் பாட்டிலின் ரப்பரிலும் இடுக்கிலும் தங்கும் அழுக்கு இதில் தங்காது. மார்பில் குடிப்பதிலிருந்து வேறுபட்ட சப்பும் பழக்கமும் வராது. குழந்தையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தினாற்போல் மடியில் பிடித்து, பாலாடை மூக்கைக் கடைவாயோரம் வைத்து, அது விழுங்க விழுங்கச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். வாயில் ஊற்றக் கூடாது. முகத்தைத் திருப்பினால் வயிறு நிறைந்துவிட்டது. மீந்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாயின் வாசம் தெரிந்தால் குழந்தை பாலாடையை ஏற்காமல் போகலாம், அவர் அடுத்த அறையில் இருக்கட்டும்.

அப்பாவின் வேலை ஊட்டுவதோடு முடிந்ததாக நினைத்தால் தாயின் பாரம் குறையாது. பால் எடுக்கும் உழைப்பு அவருடையதாகவே இருக்கிறதே. பாலாடையையும் புட்டியையும் கழுவிக் கொதிக்க வைப்பது, தேதி பார்த்துப் பழையதை முதலில் எடுப்பது, குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டுவது எல்லாம் அப்பாவிடம் வர வேண்டும்.

மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிறந்த கையோடு எடுத்தால், பாலாடை அவர் கைக்கு வருவதற்கு முன்பே அது தீர்ந்துவிடும். குழந்தை பிறந்த 6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்க விதி இடம் தருகிறது. பிரசவத்தின்போது தாய்வீட்டு ஆட்கள் கூட இருந்தால், அவர்கள் ஊர் திரும்பும் வாரத்துக்கு அதைத் தள்ளி வைக்கலாம். விடுப்பே கிடைக்காதவரும் இரவு பத்து மணிக்கு வீட்டில் இருந்தால் அந்த ஒரு வேளையைப் பார்த்துக்கொள்ளலாம்.