கதவைத் தட்டினால் கல்யாணம்

கானா நாட்டுத் திருமணத்தில் பளபளக்கும் துணிகளுக்கும் கேலிப் பேச்சுக்கும் நடுவே கைமாறுவது சில புட்டி மது. அதை வாங்கலாமா, வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் மணப்பெண்.

வாசல் கதவு விரியத் திறந்துதான் இருக்கும். வருகிறவர்கள் யார், எதற்கு வருகிறார்கள் என்பதும் வீட்டாருக்கு முன்கூட்டியே தெரியும். ஆனாலும் வந்தவர்கள் வாசலில் நின்று அனுமதி கேட்பார்கள். வீட்டாரும் அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வந்த காரியம் என்னவோ என்று ஒன்றும் அறியாதவர்கள் போல விசாரிப்பார்கள். இந்தப் பக்கம் போகும்போது உங்கள் தோட்டத்தில் அழகான பூ ஒன்றைப் பார்த்தோம், அதைப் பறித்துக்கொள்ள உத்தரவு கேட்டு வந்திருக்கிறோம் என்று பதில் வரும். மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில், குறிப்பாக அசாந்தி உள்ளிட்ட அகான் இன மக்களிடையே, கல்யாணப் பேச்சு தொடங்குவது இப்படித்தான். இதற்குப் பெயர் 'கோகோகோ'. கதவைத் தட்டும் ஓசையையே சடங்குக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

பேசுவது மணமகனும் அல்ல, பெண்ணின் தந்தையும் அல்ல. இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பேச்சாளர் உண்டு. ஒக்கியாமே எனப்படும் இந்தப் பதவி அரசவையிலிருந்து வந்தது. அசாந்தி மன்னரிடம் யாரும் நேரடியாகப் பேசுவதில்லை. உச்சியில் பொன் பூசிய சிற்பம் கொண்ட கோலை ஏந்தி நிற்கும் ஒக்கியாமே வழியாகத்தான் பேச்சு போகும், வரும். கல்யாண வீட்டில் இந்த வேலையை இப்போது பெரும்பாலும் நாவன்மை மிக்க பெண்களே செய்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் தாமதமாக வந்தால் அபராதம், பேச்சில் மரியாதை குறைந்தால் அபராதம். எல்லாம் சிரிப்புக்குத்தான். ஆனால் அபராதப் பணம் நிஜப் பணம்.

தட்டியவுடன் கதவு திறந்துவிடுவதில்லை. பிறகு சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டு, இரு குடும்பங்களும் சத்தமில்லாமல் விசாரணையில் இறங்கும். பரம்பரை நோய் உண்டா, கடன் உண்டா, குற்ற வழக்கு உண்டா, பையனுக்கு வேறு எங்காவது மனைவி இருக்கிறாளா? திருப்தி ஏற்பட்ட பிறகே பெண் வீட்டிலிருந்து ஒரு பட்டியல் போகும். நம் ஊர்களில் பெண் வீட்டாரை நடுங்கவைக்கும் சீர்வரிசைப் பட்டியலுக்கு நேர் எதிரான பட்டியல் இது. இங்கே கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை.

பட்டியலின் முதலிடம் 'திரி ன்சா'வுக்கு. தலைக்கான மது என்று பொருள். முன்பு பனங்கள்ளாக இருந்தது, கடலோரத்தில் கோட்டை கட்டி வணிகம் செய்த டச்சுக்காரர்கள் காலத்திற்குப் பின் ஜின், ஸ்நாப்ஸ் என்று மாறியது. டச்சுக்காரர்கள் 1872இல் தங்கள் கடைசிக் கோட்டைகளையும் பிரிட்டனிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்நாப்ஸ் மட்டும் போகவில்லை. அதோடு தாய்க்கும் தந்தைக்கும் துணிமணி, பெண்ணுக்குப் பெட்டி நிறையத் துணிகள், மைத்துனர்களுக்கு 'அகோந்தா செகான்' என்ற பணம். அகோந்தா என்றால் மைத்துனன், செகான் என்றால் கத்தி. சகோதரியை இத்தனை நாள் காத்து நின்றதற்கான கூலி அது. கொடுத்த தொகை போதாது என்று மைத்துனர்கள் முறுக்கிக்கொள்வதும், மாப்பிள்ளையின் நண்பர்கள் பையைத் துழாவுவதும் எந்தக் கல்யாணத்திலும் தவறாத காட்சி.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மணப்பெண் சபைக்கு வருவார். முதலில் முக்காடிட்ட வேறொரு பெண்ணை அழைத்துவந்து, இவள்தானா என்று மாப்பிள்ளை வீட்டாரைச் சீண்டுவது உண்டு. உண்மையான மணப்பெண் வந்ததும் சிரிப்பு அடங்கிவிடும். வந்திருக்கும் மதுவையும் பொருள்களையும் காட்டி, இதை நாங்கள் ஏற்றுக்கொள்ளலாமா என்று பெண்ணிடம் கேட்பார்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. மூன்று முறையும் அவர் சம்மதம் சொன்னால்தான் மது ஏற்கப்படும். அந்தக் கணத்தில் திருமணம் முடிந்துவிட்டது. இதன் பிறகு தேவாலயத்தில் நடப்பதும் பதிவு அலுவலகத்தில் நடப்பதும் கூடுதல் சடங்குகளே என்பது அகான் மரபின் கணக்கு.

பொன்வயரின் தறிகள்

கல்யாண வீட்டில் கண்ணைப் பறிப்பது கென்டே துணி. மணமகன் சட்டை இல்லாமல், வலது தோள் வெளியே தெரிய, பெரிய கென்டே போர்வையை இடது தோளில் சுற்றியிருப்பார். மணமகளுக்கு அதே துணியில் இறுக்கித் தைத்த உடை, கழுத்திலும் கையிலும் தங்கம், மணிமாலைகள். இந்த நாட்டுக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயரே தங்கக் கடற்கரை என்பதை நினைவூட்டும் அளவுக்குத் தங்கம்.

கென்டேயின் தாயகம் குமாசி நகரை அடுத்த பொன்வயர் கிராமம். அனன்சி என்ற சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்து இரண்டு வேட்டைக்காரர்கள் நெசவு கற்றதாக அங்கே கதை சொல்கிறார்கள். தறி ஒடுக்கமானது. அதில் சுமார் 4 அங்குல அகலமுள்ள நீண்ட பட்டைகளாகத்தான் நெய்ய முடியும். ஆண்கள் போர்த்தும் ஒரு துணிக்கு 20க்கும் அதிகமான பட்டைகளை நெய்து, கட்டங்கள் பிசகாமல் பக்கம் பக்கமாக வைத்துத் தைக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் கொண்டுவந்த வெளிநாட்டுப் பட்டுத் துணிகளைப் பிரித்து நூலெடுத்தே அசாந்தி நெசவாளர்கள் அரசர்களுக்கான துணியை நெய்தார்கள். இன்று கென்டே யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியது. ஆனால் நெசவாளர்களை வருத்துவது, அதே வடிவங்களை அச்சடித்து மலிவாக விற்கும் ஆலைத் துணி. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் கென்டே நெசவைச் சேர்த்தது அவர்களுக்கு ஓரளவு ஆறுதல்.

ஒவ்வொரு கென்டே வடிவத்துக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயர்களுக்குள் அரசியலும் உண்டு. கானா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டின் கடைசியில் அதன் தலைவர் குவாமே நிக்ரூமா எகிப்தைச் சேர்ந்த பாத்தியாவை மணந்தார். உள்ளூர்ப் பெண் ஒருத்தியும் கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்தவர்கள் அநேகம். ஆனாலும் 'பாத்தியா நிக்ரூமாவுக்குப் பொருத்தமானவள்' என்ற பெயர் கென்டே வடிவம் ஒன்றுக்கு வழங்கலாயிற்று. 1966இல் ராணுவம் நிக்ரூமாவைக் கவிழ்த்தபோது பாத்தியா குழந்தைகளுடன் கெய்ரோவுக்குப் போய்விட்டார். துணி மட்டும் தறியில் தொடர்ந்தது. பெயர்தான் மாறியது: 'ஒருவர் மட்டும் நாட்டை ஆள்வதில்லை.'

மருமகனா, மனைவியா?

கல்யாணத்தில் மணப்பெண்ணின் தாய்மாமனுக்குத் தனி மரியாதை கிடைப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. அகான் மக்கள் தாய்வழிச் சமூகத்தினர். பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு ஆணின் வாரிசு அவன் மகன் அல்ல, சகோதரியின் மகன். பழைய கேரளத்தின் மருமக்கத்தாயம் அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கல்யாணம் ஆனாலும் மனைவி கணவனின் குலத்தில் சேர்வதில்லை. கடைசிவரை தாய் வீட்டுக்காரியாகவே இருக்கிறாள்.

கணவன் உயிரோடு இருக்கும்வரை இது பிரச்சினை இல்லை. அவன் உயில் எழுதாமல் இறந்தால்தான் சிக்கல். 20 ஆண்டுகள் கோகோ தோட்டத்தில் கூடவே உழைத்த மனைவியாக இருந்தாலும், மரபுச் சட்டப்படி சொத்து கணவனின் தாய்வழிக் குடும்பத்துக்குப் போய்விடும். விதவைக்கும் குழந்தைகளுக்கும் வீட்டில் தங்கியிருக்கும் உரிமை உண்டு, அதுவும் நல்லபடியாக நடந்துகொண்டால். துக்கம் முடியும் முன்பே பூட்டு மாற்றப்பட்ட வீடுகள் ஏராளம்.

1985இல் ஜெர்ரி ராலிங்ஸ் தலைமையிலான ராணுவ அரசு கொண்டுவந்த வாரிசுரிமைச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. இறந்தவர் தானாகச் சம்பாதித்த சொத்தில் வீட்டுச் சாமான்களும் ஒரு வீடும் மனைவி மக்களுக்கு. மீதியை 16 பங்காக்கினால் 9 பங்கு குழந்தைகளுக்கு, 3 பங்கு மனைவிக்கு, 2 பங்கு பெற்றோருக்கு, எஞ்சிய 2 பங்கு மரபுப்படி குலத்துக்கு. பங்கீட்டுக்கு முன் விதவையை வீட்டைவிட்டு வெளியேற்றினால் அது குற்றம். ஓட்டையும் இருக்கிறது. இறந்தவருக்கு இரண்டு மூன்று மனைவியர் என்றால் அந்த 3 பங்கைத்தான் அவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மரபுத் திருமணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே ஆண்டு சட்டம் வந்தது. பலரும் பதிவு செய்யவில்லை. 1991இல் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டார்கள். பதிவு இல்லாவிட்டாலும் திருமணம் முறைப்படி நடந்தது என்று நீதிமன்றம் நம்பினால் போதும். இந்த இடத்தில்தான் பூ, தோட்டம், அபராதம், மூன்று முறை கேள்வி எல்லாவற்றுக்கும் இன்னொரு அர்த்தம் கிடைக்கிறது. இரண்டு குடும்பங்களும் கூடியிருந்து பார்க்கத் தலைக்கான மது ஏற்கப்பட்டது என்பதுதான் அந்தப் பெண்ணின் சாட்சியம். தாலியும் மோதிரமும் தொலையலாம். நூறு பேர் குடித்த மது தொலையாது.

ஆனாலும் மரபுத் திருமணம் மட்டும் செய்துகொண்ட கணவன் இன்னொரு பெண்ணை மணக்கத் தடையில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்று கட்டுவது 1884இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த திருமணச் சட்டம். கானாவில் பத்துப் பேரில் ஏழு பேர் கிறிஸ்தவர்கள் என்பதோடு இதுவும் சேர்ந்துதான், மரபுச் சடங்கு முடிந்த பிறகு வெள்ளை கவுன் அணிந்து தேவாலயத்துக்கும் போகவைக்கிறது. இரண்டு விழா என்றால் இரண்டு விருந்து, இரட்டிப்புச் செலவு. இதற்காகவே இப்போது பலர் காலையில் கென்டே, பிற்பகலில் கவுன் என்று இரண்டையும் ஒரே நாளில் முடிக்கிறார்கள். சிலர் பாதிரியாரையே பெண் வீட்டுக்கு வரவழைத்து, மது ஏற்கப்பட்ட கையோடு மோதிரமும் மாற்றிக்கொள்கிறார்கள்.

மணமுறிவின்போது சொத்து யாருக்கு என்ற கேள்விக்கு 2012இல் உச்ச நீதிமன்றம் ஒரு பதில் சொன்னது. இல்லறத்தின்போது சேர்ந்த சொத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும், வீட்டைப் பராமரித்ததும் மனைவியின் பங்களிப்புத்தான் என்றது அந்தத் தீர்ப்பு. பின்னால் வந்த தீர்ப்புகள் அதற்குச் சில வரம்புகள் கட்டின. எந்த வழக்கானாலும் முதலில் எழும் கேள்வி மட்டும் மாறுவதில்லை: இவர்களுக்குக் கல்யாணம் நடந்ததா? அதற்குப் பதில் சொல்ல, அன்று மது குடித்த மாமாவும் அத்தையும் நீதிமன்றப் படியேறுகிறார்கள்.